பழைய மோட்டர் யாட்டின் குளியலறை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கிழக்கிலங்கையில் பாசிக்குடா, அறுகம்பே பக்கம் வெளிநாட்டுக்காரரை ஏற்றி ஓடலாம் என்று பழைய மோட்டர் யாட் ஒன்றை வாங்குகிறவர், இஞ்சினைப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் குளியலறைக் கதவைத் திறப்பார். 1970, 80களில் கட்டிய பைபர் படகென்றால் உள்ளே பழுப்பு ஃபோர்மைக்கா ஒட்டிய சுவர், மஞ்சள் பாரித்த பேசின், வெடிப்பு விட்ட தரை, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புது டைல்ஸும் புதுக் கொமட்டும் போட்டால் சரி என்று உடனே தோன்றும்.

அதைக் கடைசிக்கு வையுங்கள். படகுக் குளியலறையில் பழுது தெரியும் இடம் ஒன்று, அது தொடங்கிய இடம் வேறு. பலகைக்குப் பின்னாலோ தரைக்குக் கீழோ தண்ணீர் போகக் கூடாத வழியில் போயிருக்கும். அந்த வழியை அடைக்காமல் மேலே எதை ஒட்டினாலும் அடுத்த மாரிக்குள் கழன்று வரும். அதனால் கீழே ஆபத்து வரிசையில் எழுதியிருக்கிறேன்: படகைத் தாழ்க்கக் கூடியது முதலில், உக்க வைப்பது அடுத்து, அதன் பிறகு நாற்றமும் சில்லறைத் தொல்லைகளும், தோற்றம் கடைசியில்.

அறிகுறி: யாரும் பாவிக்காமலே கொமட்டில் தண்ணீர் ஏறுகிறது

இரவு வெறுமையாக விட்ட கிண்ணம் விடியும்போது பாதி நிரம்பியிருந்தால், தண்ணீர் கழிவுப் பக்கமிருந்து திரும்பி வருகிறதா, கடல் நீர் எடுக்கும் பக்கமிருந்து வருகிறதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். கிண்ணத்தைச் சுத்தமாகப் பம்ப் பண்ணி விடுங்கள். நீர் எடுக்கும் சீகொக்கை, அதாவது படகின் அடியில் கடல் நீரைத் திறந்து மூடும் வால்வை, மூடுங்கள். உள்ளே நீர்மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, சில மணித்தியாலம் கழித்துப் பாருங்கள்.

மூடிய பிறகும் ஏறினால், அதுவும் கலங்கலாக வந்தால், கழிவுக் குழாயின் வாயிலுள்ள ரப்பர் வால்வு போய்விட்டது. ஜோக்கர் வால்வு என்று கேட்டு வாங்க வேண்டும். வாத்தின் அலகு மாதிரி இருக்கும் அந்த ரப்பரின் உதடுகளில் சுண்ணாம்பு படிந்தால் அது முழுதாக மூடாது. கழுவிப் போட்டுப் பார்க்காமல் புதிதே போடுங்கள். விலை குறைந்த சாமான். வருஷத்துக்கு ஒன்று மாற்றினால் இந்தத் தொல்லையே இல்லை.

மூடியதும் ஏற்றம் நின்றுவிட்டால் விஷயம் பெரியது. கொமட் நீர்க்கோட்டுக்கு, அதாவது வெளியே கடல் மட்டம் படகைத் தொடும் கோட்டுக்கு, கீழே இருக்கிறது, கடல் நீர் தானாகவே ஹோஸ் வழியே உள்ளே இழுபடுகிறது என்று அர்த்தம். பம்பின் நெம்பைத் தண்ணீர் எடுக்கும் பக்கத்திலேயே யாராவது விட்டுவிட்டுப் போனால், கிண்ணம் நிரம்பி வழிந்து படகுக்குள் இறங்கும். கட்டி வைத்த இடத்திலேயே படகுகள் தாழ்ந்திருப்பது இப்படித்தான்.

இதற்கு மருந்து, ஹோஸை நீர்க்கோட்டுக்கு மேலே ஏற்றி இறக்குகிற, காற்று வால்வு வைத்த மேல்வளைவு. அதை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். கைப்பம்பு வைத்த கொமட்டில் சீகொக்குக்கும் பம்புக்கும் நடுவில் வளைவைப் போட்டால், பம்ப் தண்ணீரை விட்டுக் காற்றை இழுக்கும். பம்பின் தலையிலிருந்து கிண்ணத்துக்குப் போகிற அந்தக் குட்டை ஹோஸைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக இரண்டு நீள ஹோஸ் போட்டு மேலே ஏற்றி இறக்க வேண்டும். வளைவின் உச்சி நீர்க்கோட்டுக்கு மேல் குறைந்தது 15–20 சென்ரிமீற்றர் நிற்கட்டும். அந்த நீர்க்கோட்டை வெறும் படகில் அளக்காதீர்கள். ஆட்களையும் தண்ணீர்ப் பீப்பாய்களையும் ஏற்றி, படகு ஒரு பக்கம் சரியும்போது எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு. வளைவின் தலையிலுள்ள சின்ன வால்வில் உப்புக் கட்டும். வருஷத்துக்கொரு முறை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவாவிட்டால் அந்த வளைவு இருந்தும் இல்லாததுதான்.

அறிகுறி: சீகொக் கைப்பிடி அசையவில்லை, பச்சை பூத்திருக்கிறது

குறட்டைப் போட்டுத் திருக வேண்டாம். படகு தண்ணீரில் இருக்கும்போது உடைந்தால், அடியில் ஒன்றரை அங்குல ஓட்டைதான் மிஞ்சும். கரையேற்றிய பிறகு வால்வின் உடலைக் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாகப் பளபளத்தால் இப்போதைக்குப் பரவாயில்லை. செம்பு மாதிரிச் சிவந்து, பொருபொரு என்று உதிர்ந்தால் அது பித்தளை. உப்புத் தண்ணீர் அதிலிருந்த துத்தநாகத்தைத் தின்றுவிட்டு வெறும் கூட்டை விட்டிருக்கிறது.

முன்னைய சொந்தக்காரர் யாரோ வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற கேற் வால்வை வாங்கிப் பூட்டியிருப்பார். காத்தான்குடி ஹார்ட்வெயார் கடைகளில் படகு வேலைக்கு எத்தனையோ சாமான் கிடைக்கும். ஆனால் நீர்க்கோட்டுக்குக் கீழே போகிற வால்வை மட்டும் அங்கே அகப்படுகிற பித்தளையில் வாங்காதீர்கள். வெண்கலம், அல்லது படகுக்கென்றே செய்த கண்ணாடி நார் கலந்த நைலோன் வேண்டும். கொழும்பிலிருந்து எடுப்பித்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு ஹோஸ் முனைக்கும் இரண்டு கிளிப், அதுவும் 316 ரகத் துருவாத உருக்கில். கிளிப்பின் மேல்பக்கம் மினுங்குகிறது என்று நம்ப வேண்டாம். திருகுப் பெட்டிக்கு அடியில்தான் துரு பிடிக்கும். வால்வு உடைந்தால் ஓட்டையை அடைக்க, பக்கத்திலேயே மென்மரத்தில் கூம்பாகச் செதுக்கிய ஒரு ஆப்பைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். படகு கட்டுகிற எந்த ஓடாவியும் செதுக்கித் தருவார்.

அறிகுறி: தரை காலடியில் அமுங்குகிறது

பைபர் தரை என்பது இரண்டு பைபர் தோலுக்கு நடுவில் பல்சா மரமோ பிளைவூட்டோ வைத்த அடுக்கு. கொமட்டை நிறுத்த அடித்த போல்ட் ஓட்டைகள் வழியாகத்தான் தண்ணீர் அந்த நடு மரத்துக்குள் இறங்கும். ஷவர் வடிகாலின் விளிம்பு இன்னொரு வழி.

திருப்புளியின் கைப்பிடியால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல இடம் 'டொக் டொக்' என்று கூராகக் கேட்கும். உக்கிய இடம் 'பொத் பொத்' என்று செத்துக் கேட்கும். சத்தம் மாறுகிற கோட்டைச் சோக்கால் வரைந்துகொண்டே போங்கள். நீங்கள் நினைத்ததைவிடப் பெரிய வட்டம் வரும். வட்டத்துக்குள் ஓரிடத்தில் சின்னத் துளை போட்டு, துருவலை விரலில் தேய்த்துப் பாருங்கள். வெளிறி உலர்ந்திருந்தால் தோல் மட்டுமே விட்டிருக்கலாம். கறுத்து, தேயிலைச் சக்கை போல ஈரமாக வந்தால் மரம் போய்விட்டது.

இந்தக் கட்டத்தில் சொந்தக்காரருக்கும் ஓடாவிக்கும் நடக்கிற பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

“அண்ணன், மேலால ஒரு தகடு வெச்சு ஒட்டினாக் காணாதா?”

“காணும் தம்பி. ஒரு மாரிக்குக் காணும். மறுகா ரெண்டு தரையையும் வெட்டோணும்.”

ஓடாவி சொல்வதுதான் சரி. மேல்தோலை ஓரத்தில் ஐந்து சென்ரிமீற்றர் விட்டுக் கிரைண்டரால் வெட்டி, முழுத் துண்டாகக் கிளப்புங்கள், திரும்பவும் உதவும். உக்கிய மரத்தை உளியால் வழித்தெடுத்துக் காய விடுங்கள். இதில் நம் பக்கத்துக் காலநிலை பெரிய உதவி: கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இந்த வேலையைத் தொடங்கினால், வாடைக்கு முன் முடித்துவிடலாம். கார்த்திகை, மார்கழியில் தொடங்கினால் காயவே காயாது. காய்ந்ததா என்று அறிய, ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் ஈரம்.

கச்சானுக்கு ஒரு கெடுதியும் உண்டு. புது மரத்தையும் மேல்தோலையும் ஒட்டப் பாவிக்கிற ரெசின் சூட்டில் நினைத்ததைவிட வேகமாக இறுகும். டின்னோடு கொதித்துப் புகைந்தும் விடும். காலை வெயில் ஏறுமுன், கொஞ்சம் கொஞ்சமாக, ஆழமான டின்னில் அல்லாமல் அகன்ற தட்டில் கலக்குங்கள். பழைய பொலியெஸ்டர் ரெசின் மேல் எபொக்சி ரெசின் நன்றாகப் பிடிக்கும். எபொக்சி மேல் பொலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. ஆகவே ஓரிடத்தில் எபொக்சிக்கு மாறினால் அதோடேயே முடியுங்கள். நடுவில் வைக்கிற பிளைவூட்டின் ஆறு பக்கமும், வெட்டுமுகம் உட்பட, எபொக்சி குடித்திருக்க வேண்டும். குளியலறை சின்னக் கூண்டு. ரெசின் புகை தலையைச் சுற்ற வைக்கும். வாசலில் பான் ஒன்றை வெளிப்பக்கம் பார்த்து ஓட விட்டு, முகமூடியும் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

கொமட்டைத் திரும்ப நிறுத்தும்போது 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 12 அல்லது 14 மில்லிமீற்றர் ஓட்டை போட்டு, அதை எபொக்சியால் நிரப்பி, இறுகியதும் அதன் நடுவில் 8 போடுங்கள். இனி அந்த வழியாகத் தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது.

அறிகுறி: நாற்றம்

எப்போது வருகிறது, என்ன மாதிரி வருகிறது என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

*சில நாள் படகைப் பூட்டி வைத்துவிட்டு வந்து முதல் தடவை பம்ப் பண்ணும்போது மட்டும், கூழ்முட்டை நாற்றம்.* இது மலத்தின் நாற்றமல்ல. ஹோஸில் தங்கிய வாவித் தண்ணீரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செத்து, காற்றில்லாமல் அழுகியதால் வருவது. மட்டக்களப்பு வாவி மாதிரி உயிர் நிறைந்த தண்ணீரில் இது சீக்கிரம் நடக்கும். படகை விட்டு இறங்குமுன் சீகொக்கை மூடிவிட்டு, கிண்ணத்துக்குள் நல்ல தண்ணீர் ஊற்றிப் பம்ப் பண்ணி விடுவது பாதி வைத்தியம். பேசினின் வடிகாலைக் கொமட்டின் நீர் எடுக்கும் ஹோஸோடு ஒரு 'டீ' போட்டு இணைத்துவிட்டால், பேசினில் நல்ல தண்ணீர் நிரப்பி அதையே பம்பால் இழுக்கலாம்; ஹோஸ் முழுவதும் கழுவுப்படும். வெள்ள காலத்தில் வடிகட்டியையும் கழற்றிப் பாருங்கள். ஆற்றுவாழை வேர் போய் அடைத்திருக்கும்.

*எந்நேரமும் மெல்லிய மல நாற்றம், ஒழுக்கு எங்கும் இல்லை.* ஹோஸே நாறுகிறது. பழைய ரப்பர் வழியாக நாற்றம் ஊறி வெளியே வரும். சுத்தமான துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து, ஹோஸின் ஒரு பகுதியை அழுத்தித் துடையுங்கள். துணியை வெளியே, தள்ளி எடுத்துப் போய் மணந்து பாருங்கள். துணி நாறினால் ஹோஸை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. எந்த வாசனைத் திரவியமும் உதவாது. புதிதாக வாங்கும்போது கழிவுக்கென்றே செய்த தடித்த ஹோஸ் வேண்டும். நீளமாக, நேராகப் போகிற இடங்களுக்கு எஸ்லோன் பைப்பும் போடலாம். பி.வி.சி. வழியாக நாற்றம் ஊறாது. இரண்டு முனையிலும் அதிர்வு தாங்கக் குட்டை ஹோஸ் விட்டால் போதும். விட்டம் பொருந்த, பழைய துண்டொன்றைக் கழுவிக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

*தாங்கி நிரம்ப நிரம்பக் கூடுகிற நாற்றம், பம்பும் கனக்கிறது.* கழிவுத் தாங்கியின் காற்றுக் குழாயைப் பாருங்கள். வெளிவாயில் குளவி மண்கூடு கட்டியிருப்பது நம்மூரில் சர்வ சாதாரணம். தாங்கிக்குள் காற்று போய் வந்தால் கழிவு அதிகம் நாறாமல் சிதையும். காற்று இல்லாவிட்டால்தான் ஐதரசன் சல்பைட் உண்டாகும். பழைய படகுகளில் காற்றுக் குழாய் பென்சில் தடிப்பில் இருக்கும். அதை 25 மில்லிமீற்றருக்குக் குறையாமல், குட்டையாக, தொய்வில்லாமல் மாற்றுங்கள். ஐதரசன் சல்பைட் அளவு கூடினால் மூக்கு அதை உணர்வதையே நிறுத்திவிடும். ஆகவே தாங்கியைத் திறக்கிற வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள், தலையை உள்ளே விடவே விடாதீர்கள்.

தாங்கியை எங்கே வெறுமையாக்குவது என்ற கேள்வி இங்கே வரும். வாவிக்குள் இல்லை. கோடையில் முகத்துவாரத்தில் மண் மூடிவிட்டால் உள்ளே இறங்கியது வெளியே போக வழியில்லை. கல்லடிப் பாலத்தடியில் வீச்சுவலை போடுகிறவர் அதே தண்ணீரில்தான் நிற்கிறார். 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுறல் தடுப்புச் சட்டமும், அதன் கீழ் கடல் சூழல் பாதுகாப்பு அதிகார சபையும் இருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய கப்பல்களுக்கான சர்வதேச மார்போல் விதியே, அரைத்துக் கிருமி நீக்கிய கழிவைக் கரையிலிருந்து 3 கடல்மைலுக்கும், அப்படிச் செய்யாததை 12 கடல்மைலுக்கும் அப்பால்தான் விடச் சொல்கிறது. சுலபமான வழி, கழிவை உறிஞ்சி எடுத்துப் போகிற கலி பவுசர் லொறி. முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், ஒரு இணைப்பையும் செய்து வையுங்கள். படகு மேல்தளத்திலுள்ள உறிஞ்சும் வாய் ஒன்றரை அங்குலம்; பவுசரின் ஹோஸ் அதைவிட எத்தனையோ பெரிது. காற்றுக் குழாய் அடைத்திருக்க பவுசர் உறிஞ்சினால் தாங்கி நசுங்கும்.

அறிகுறி: பம்பை அடிக்கக் கை வலிக்கிறது

காற்றுக் குழாய் சரியென்றால், ஒன்று வாஷர் காய்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஹோஸ் சுருங்கியிருக்கிறது. முதலாவதற்குப் பம்பைக் கழற்றிச் சிலிக்கன் கிரீஸ் பூச வேண்டும். இஞ்சினுக்குப் போடுகிற கிரீஸ் சில ரப்பரை ஊத வைத்துவிடும்.

இரண்டாவதுதான் கூடுதலாக நடப்பது. சிறுநீரும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் சுண்ணாம்பு படியும். 38 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள ஹோஸை வெட்டிப் பார்த்தால், நடுவில் ஒரு விரல் போகிற ஓட்டைதான் மிச்சமிருக்கும். படிவு மெல்லியதென்றால் வினாகிரியை உள்ளே ஊற்றி இரவு முழுக்க விட்டுப் பம்ப் பண்ணுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் தடிக்காது. தடித்துவிட்டால் ஹோஸைக் கழற்றிக் கரையில் சீமெந்துக் கட்டில் ஓங்கி அடியுங்கள். உள்ளேயிருந்து சிப்பி ஓடு மாதிரிச் சில்லுச் சில்லாகக் கொட்டும். நாறும், அதனால் காற்றுக்கு மேல்பக்கம் நின்று அடியுங்கள்.

வினாகிரியோ வேறு அசிட்டோ பாவிக்கிறவர்கள் அதே நாளில் குளோரின் பக்கமே போகக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் வருவது நச்சு வாயு. அந்தச் சின்ன அறைக்குள் ஓடித் தப்ப இடமில்லை.

அறிகுறி: குளித்த தண்ணீர் வடியவில்லை

குளித்த தண்ணீர் வந்து சேருகிற சம்ப் பெட்டியைத் திறங்கள். தலைமயிரும் சவர்க்காரமும் சேர்ந்த சாம்பல் நிறக் களி, மிதவைச் சுவிச்சைப் பிடித்து வைத்திருக்கும். கழுவுங்கள், வடிகட்டி இல்லையென்றால் ஒன்று போடுங்கள். சில பழைய படகுகளில் சம்ப் பெட்டியே இல்லாமல் ஷவர்த் தண்ணீர் நேரே படகின் அடிப்பள்ளமான பில்ஜுக்குள் போகும். பில்ஜ் பம்பை அடைக்கிறதும் அதுதான், ஊத்தை நாற்றத்துக்குக் காரணமும் அதுதான். தனிப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: குழாய் திறக்காமலே தண்ணீர்ப் பம்ப் டக்கென்று ஓடி நிற்கிறது

அழுத்தம் எங்கோ கசிகிறது. இணைப்புகளை எல்லாம் காய்ந்த கடதாசியால் துடைத்துப் பாருங்கள். எங்கும் ஈரமில்லையென்றால் பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வுதான்.

அறிகுறி: மின்சாரக் கொமட் சுவிச்சை அழுத்தினால் முனகுகிறது

12 வோல்ட் மோட்டர் அரைக்கும்போது 20 ஆம்பியர் அளவில் இழுக்கும். மோட்டர் முனையிலேயே மீற்றரை வைத்து, சுவிச்சை அழுத்தியபடி அளவுங்கள். பற்றரியில் 12.5 இருக்க, இங்கே 11க்குக் கீழே விழுந்தால் வயர் மெலிது, அல்லது இணைப்புப் பச்சை பிடித்திருக்கிறது. பெரிய பியூஸ் போடுவது திருத்தமல்ல, வயர்தான் பற்றும்.

அறிகுறி: கூரையில் கறுப்புப் புள்ளி, ஒட்டிய வைனில் தொங்குகிறது

வைனிலுக்குப் பின்னாலுள்ள ஸ்பொஞ்ச் பொடியாகிவிட்டது. திரும்ப ஒட்ட முடியாது. கிழித்தெடுத்து, பசையோடு ஒட்டியிருக்கிற பொடியைக் கம்பித் தூரிகையால் வழிக்க வேண்டும். நாள் பிடிக்கிற, கண்ணுக்குள் விழுகிற வேலை. பூஞ்சணத்துக்குக் காரணம் காற்றோட்டமின்மை. ஆகவே மூடுமுன் சூரிய ஒளியில் ஓடுகிற சின்னக் காற்றாடி ஒன்றைக் கூரையில் பதியுங்கள். பிறகு வீடுகளுக்கு அடிக்கிற பி.வி.சி. சீலிங் பட்டியையே மெல்லிய சட்டத்தில் திருகலாம். பாரமில்லை, உக்காது, கல்முனையிலும் மட்டக்களப்பு ரவுணிலும் கிடைக்கும்.

கடைசியில் தோற்றம்

டைல்ஸ் வேண்டாம். பசையோடு சேர்த்து ஒரு சதுர மீற்றருக்கு 15–20 கிலோ வரும். நாலு சுவருக்கும் ஒட்டினால் இரண்டு மூன்று மூடை சீமெந்தை உயரத்தில், அதுவும் ஒரு பக்கத்தில் கட்டி வைத்த கணக்கு. படகு அலையில் முறுகும்போது மூட்டுகள் வெடிக்கும், வெடிப்பால் தண்ணீர் போகும். பைபரின் பழைய மேற்பூச்சான ஜெல்கோட் உறுதியாக இருந்தால் மயிர் வெடிப்புகளைக் கீறித் திறந்து எபொக்சியால் நிரப்பி, தேய்த்து, இரண்டு கலவைப் பெயின்ற் அடித்தாலே அறை புதிதாகிவிடும். ஃபோர்மைக்கா கிளம்பியிருந்தால் பின்னால் உள்ள பிளைவூட்டைத் தட்டிப் பார்த்த பிறகே புதிது ஒட்டுங்கள்.

வீட்டுக் கொமட்டும் வேண்டாம். சிஸ்டர்ன் ஒரு தடவைக்கு 6 லீற்றருக்கு மேலும் கொட்டும். தாங்கி நிரம்பிப் போகும். ஆனால் கழுவத் தண்ணீர் பீச்சும் கை பிடே கட்டாயம் வையுங்கள். நம்மவர் கடதாசியோடு நிற்பவரல்ல. அது இல்லாவிட்டால் ஷவரை இழுத்துக் கழுவித் தரையெல்லாம் நனைப்பார்கள். பிடேயின் ஹோஸ் எந்நேரமும் அழுத்தத்தில் இருப்பதால் சுவரில் தனி நிறுத்துக் குழாய் ஒன்று வேண்டும். அந்தத் தண்ணீரையும் தாங்கிக் கணக்கில் சேருங்கள்.

பலகைகளைப் பசையால் ஒட்டி மூடாமல் திருகாணியால் பூட்டுங்கள். சீகொக், மேல்வளைவு, சம்ப் பெட்டி மூன்றுக்கும் கை போகிற கதவு இருக்கட்டும். மூட்டுகளுக்குப் பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கன் போட்டு, ஒரு முழு நாள் தண்ணீர் படாமல் விட்டு, அதன் பிறகு ஷவரைத் திறந்துவிட்டு டோர்ச்சோடு பில்ஜுக்குள் இறங்கிப் பாருங்கள்.